பதினொரு மணிக்கு வரம்பேற வேண்டும்

ஏப்ரல் பிறந்து நாலைந்து நாள் கழிந்ததும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றாட அறிவித்தலில் ஒரு வரி சேர்ந்துகொள்ளும். இன்ன இன்ன ஊர்களுக்கு நேர் மேலே, நண்பகல் 12 மணி கடந்த சில நிமிடங்களில் சூரியன் உச்சம் கொடுக்கும் என்பது அந்த வரி. 5 ஆம் திகதியளவில் தெற்கில் தொடங்கி 14, 15 ஆம் திகதிகளில் வடமுனையில் முடியும். இடையில் ஒரு நாள் மட்டக்களப்பின் முறை வரும். ஆகஸ்ட் கடைசியில் சூரியன் தெற்கே திரும்பும்போது இதே வரிசை வடக்கிலிருந்து தெற்காக மறுபடி நடக்கும். அந்த நாட்களில் பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களும் முகநூலும் யூடியூப்பும் சொல்லிவைத்தாற்போல ஒரே குறிப்பைத் தரும். வெயிலில் வெந்த தோலுக்குக் கற்றாழை பூசுங்கள், தயிர் பூசுங்கள், வெள்ளரி அரைத்து வையுங்கள், சந்தனம் குழையுங்கள், தேசிக்காய் பிழிந்து தேயுங்கள். இவற்றில் சில நல்லவை, சில பயனற்றவை, ஒன்றிரண்டு ஆபத்தானவை. ஆனால் எனக்குள்ள குறை வேறு. வீட்டில் இருந்துகொண்டு எப்போதாவது வெயிலுக்குப் போய்வருபவரை மனத்தில் வைத்து எழுதப்படும் குறிப்புகள் இவை. வெல்லாவெளியின் வட்டையில், அதாவது வயல்வெளியில், நாள் முழுவதும் குனிந்து நிற்கும் ஒருவருக்கு மாலையில் எதைப் பூசுவது என்பது கடைசிக் கேள்வி. அவர் எத்தனை மணிக்கு வரம்பேறுகிறார் என்பதே முதற் கேள்வி.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் தென்பகுதியில், போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் இருக்கும் ஊர் வெல்லாவெளி. நவகிரிக் குளத்து நீரை நம்பிய சிறுபோகமும் வானத்தை நம்பிய மாரி வேளாண்மையும்தான் சுற்றுவட்டாரத்தின் வாழ்வு. கிழக்குக் கரையான எழுவான்கரைபோல அடர்ந்த தென்னந்தோப்பு நிழல் இங்கே இல்லை. கண்ணுக்கெட்டும் வரை வட்டை, அதற்கப்பால் காடு. வடக்கு அகலக்கோடு ஏழரைப் பாகையளவில் இருக்கும் இந்த ஊரில் ஜூன் மாதத்து நண்பகலிலும் சூரியன் உச்சியிலிருந்து 16 பாகைதான் சரிந்து நிற்கும். டிசம்பரில்கூட அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்துக்கு அண்மையில் நிற்கும். வெப்ப வலயத்துக்கு மேலே ஓசோன் படலமும் மெல்லியது. புற ஊதாக் கதிரின் வலிமையை அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த சுட்டெண்ணில் 8 என்றால் மிக அதிகம், 11உம் அதற்கு மேலும் என்றால் உச்சம். இலங்கையின் தாழ்நிலத்தில் மேகமற்ற நண்பகலில் அந்த 11ஐ எட்டுவது புதுமையல்ல. நாளொன்றில் நிலத்துக்கு வரும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 60 சதவீதம் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் வந்துவிடுகிறது என்பதும் அந்த நிறுவனத்தின் கணக்கே. நான்கு மணித்தியாலம், அதற்குள் பாதிக்கு மேல். என் வாதம் முழுவதும் இந்த ஓர் எண்ணின் மேல்தான் நிற்கிறது.

வெயில் எரிவு என்பது வெந்நீர் பட்டாற்போல அந்தக் கணமே சுடும் காயமல்ல. நாம் சூடாக உணர்வது அகச்சிவப்புக் கதிரை. தோலை எரிப்பது புற ஊதா. அதைத் தோல் உணர்வதேயில்லை. கச்சான் காற்று வீசி வியர்வை உலர்ந்துகொண்டிருக்கும்போதும், மாரிக்கால மென்மேகம் கவிந்திருக்கும்போதும் அது விழுந்துகொண்டுதான் இருக்கும். மெல்லிய மேகத்தினூடே 90 சதவீதம்வரை இறங்கிவிடும். தோலின் மேற்படையிலுள்ள உயிரணுக்களின் மரபுக்கூறை அது நேரடியாகச் சிதைக்கிறது. அதிகம் சிதைந்த அணுக்கள் சாகின்றன. அழற்சியைத் தூண்டும் பொருட்கள் சுரக்கின்றன. குருதிக் குழாய்கள் விரிகின்றன. இதெல்லாம் வெளியே தெரிய மூன்று முதல் ஐந்து மணித்தியாலம் ஆகும். எரிவு உச்சத்துக்குப் போக 12 முதல் 24 மணித்தியாலம். அதனால்தான் வயலில் இருக்கும்போது ஒன்றும் தோன்றாமல், இரவு பாயில் முதுகு படும்போது தெரிகிறது. கற்றாழை மடலைத் தேடிக் கொல்லைக்குப் போகும் நேரத்தில் காயம் நடந்து முடிந்து பல மணித்தியாலம் ஆகிவிட்டிருக்கும். சிதைந்ததைச் சீர்செய்யும் வேலையை உடம்பு தானாகவே செய்யும். பூசப்படும் எந்தச் சாறும் அதைச் செய்வதில்லை. எரிவைக் குறைப்பதும் காயத்தை மாற்றுவதும் வெவ்வேறு காரியங்கள்.

எரிவைக் குறைப்பது அற்பமான காரியம் என்று நான் சொல்லவில்லை. மறுநாளும் வயலுக்குப் போக வேண்டியவருக்கு ஓரிரவு உறக்கம் பெரிய விடயம். அதற்கு வீட்டிலேயே கிடைக்கும் மிகச் சிறந்த மருந்து குளிர்ந்த கிணற்று நீர். ஐஸ்கட்டியைத் தோலில் நேராக வைக்கக் கூடாது. நீரில் நனைத்த பருத்தித் துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுப்பதும், அதை நாலைந்து முறை செய்வதும் போதும். கூடவே நிறையக் குடிக்க வேண்டும்: உப்புப் போட்ட மோர், கஞ்சி, இளநீர், வெறும் தண்ணீர். கற்றாழையைப் பற்றிய சான்று கலப்பானது. நெருப்பும் வெந்நீரும் சுட்ட மேலோட்டமான காயங்களில் அது ஆறும் காலத்தைக் குறைப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2007 இல் சொன்னது. வெயில் எரிவு என்று வரும்போது படம் மாறுகிறது. தாய்லாந்தில் 2005 இல் வெளியான சோதனையில் கற்றாழைக் கிறீம் வெயில் எரிவைத் தடுக்கவுமில்லை, ஆற்றவுமில்லை. ஜேர்மனியின் பிரைபேர்க்கில் 2008 இல் வெளியான சோதனையில், ஏறக்குறைய முழுக்கக் கற்றாழையாலான களி, 48 மணித்தியாலத்தில் சிவப்பை ஓரளவு குறைத்தது. ஆனால் ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீமுக்கு அது ஈடாகவில்லை. பூசுவதால் இதமாக இருக்கிறதா, பூசுங்கள். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை மட்டும் நன்றாகக் கழுவி நீக்க வேண்டும்; அது தோலை அரிக்கும். மட்டக்களப்பு எருமைத் தயிரைப் பற்றி ஒன்று: சட்டியோடு குளிர்ந்திருக்கும் அதைப் பூசினால் குளிரத்தான் செய்யும், நனைந்த துணி குளிர்வதைப்போல. தோல் உரிந்தோ கொப்பளம் உடைந்தோ இருந்தால் அதில் தயிரைப் பூசுவது கிருமிக்கு விருந்து. அவ்வளவு நல்ல தயிரை முதுகில் பூசுவது வீண்செலவும்கூட.

தேங்காயெண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்ற நம்பிக்கை இணையத்தில் எண்ணோடு உலாவுகிறது: அதன் பாதுகாப்புக் காரணி 7 அல்லது 8 என்று. இந்தியாவின் ராய்ப்பூரிலிருந்து 2010 இல் வந்த ஓர் ஆய்வே இதன் மூலம். அங்கே எண்ணெயை மனிதத் தோலில் பூசிப் பார்க்கவில்லை. கரைசலாக்கிக் கருவியில் ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளந்தார்கள். பின்னர் வேறு முறைகளில் அளந்தவர்களுக்கு எண்ணெய்கள் ஏறக்குறைய ஒன்றுமே தடுப்பதில்லை என்றே தெரிந்தது. புதிதாய் எரிந்த தோலில் எண்ணெய் பூசினால் வெப்பம் வெளியேறுவது தடைப்படும். இரண்டு மூன்று நாள் கழித்து, தோல் உலர்ந்து உரியும்போது பூசுவதே பொருத்தம். பற்பசை எக்காலத்துக்கும் ஆகாது. இவை எல்லாவற்றிலும் மோசமானது தேசிக்காய். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள பியூரோகூமரின் என்ற பொருள், வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கும். தேசிக்காய்ச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்று கொப்பளம் கண்டு, மாதக்கணக்கில் மாறாத கருந்தழும்போடு வைத்தியரிடம் போனவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் பல நாடுகளிலும் உள்ளன. வெயிலில் கறுத்த முகத்துக்குத் தேசிக்காய் என்று எழுதுகிறவர்கள் காயத்துக்கு மருந்தாகக் காயத்தையே கொடுக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்ப் பத்திரிகைகளில் வெயில் குறித்து வரும் அழகுக் குறிப்புகளில் பெரும்பாலானவை காயத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை. நிறத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. கறுத்துவிட்டதே என்ற கவலையை எரிவு என்ற பெயரில் எழுதுகிறார்கள். தோல் கறுப்பது நோயல்ல. மேலும் சிதையாமல் இருக்க உடம்பு விரிக்கும் குடை அது. அந்தக் குடையைச் சுரண்டி எடுக்கப் போய், கடைகளில் விற்கும் வெளிறச்செய்யும் கிறீம்களில் விழுகிறார்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீரொய்டும் இருப்பதை இலங்கையிலும் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். ஸ்டீரொய்டால் மெலிந்த தோல் அடுத்த வெயிலில் இன்னும் எளிதாக எரியும். வயலில் வேலை செய்யும் பெண்ணின் கன்னத்துக் கருமை குறித்து ஊருக்கு இருக்கும் அக்கறையில் பாதியாவது, அவள் முழங்கையில் உரியும் தோல் குறித்து இருந்தால் நல்லது.

முதல் மறுப்பு இதிலிருந்தே எழும். நம்முடைய தோல் கறுப்பு, வெள்ளைக்காரனுக்குத்தானே வெயில் சுடும் என்பார்கள். பாதி உண்மை. 1979 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, கறுப்பினத்தவரின் மேற்தோல் தன்னளவில் 13 மடங்குக்குச் சற்று அதிகமான காப்பைத் தருகிறது, வெள்ளையருடையது 3 மடங்குக்குச் சற்று அதிகமானதையே தருகிறது என்று கணித்தது. நாம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறோம். தோற்புற்று நம்மவரிடம் அரிது என்பதும் உண்மை. அவுஸ்திரேலியப் பயமுறுத்தலை இங்கே அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. ஆனால் காப்பு என்பது கணக்கு. எவ்வளவு நேரம் என்பதால் பெருக்கப்பட வேண்டியது. கடற்கரையில் அரை மணித்தியாலம் படுத்திருப்பவருக்குப் போதுமான தோல், பதினைந்து வயதிலிருந்து அறுபது வயதுவரை நண்பகல் வயலில் நிற்பவருக்குப் போதாது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது என்பதால் எரிவே இல்லை என்று ஆகிவிடாது. அது இறுக்கமாக, தொட்டால் நோவாக, அரிப்பாக, பிறகு உரிதலாக வரும். மருத்துவப் பாடநூல்களே வெகுகாலம் வெள்ளைத் தோலின் படங்களைத்தான் காட்டி வந்தன. நம்முடைய எரிவை நாமே அடையாளம் காணாததில் வியப்பில்லை. போதாததற்குக் கண் இருக்கிறது. அதற்குக் கறுப்புக் குடை கிடையாது. கருவிழியை நோக்கி வளரும் சதையும் வெண்புரையின் ஒரு பங்கும் ஆயுள் முழுக்க வாங்கிய வெயிலோடு தொடர்புடையவை. எந்தக் கற்றாழையும் அங்கே எட்டாது.

அடுத்த மறுப்பு மரியாதைக்குரியது: இந்த வைத்தியம் நம் முன்னோர் தந்தது, பரியாரியார் சொன்னது, அதைப் பழிக்காதே என்பது. பழிக்கவில்லை, முன்னோர் செய்ததில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பதே என் குற்றச்சாட்டு. பழைய வேளாண்மையில் விடியலில் இறங்கினார்கள். வெயில் ஏறும்போது வாடிக்குத் திரும்பினார்கள். வட்டைக்கு நடுவே ஒரு மருதமோ புளியோ வெட்டாமல் விடப்பட்டது. தலையில் துவாயைச் சுற்றினார்கள்; காவல் பரணுக்கும் கூரை இருந்தது. இலையும் சாறும் இந்த ஒழுங்கின் விளிம்பில் இருந்த சிறு பகுதி; ஒழுங்கு தவறிய நாளுக்கானது. இன்று ஒழுங்கு போய்விட்டது, இலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. காணிக்காரரான போடியாருக்கும் அவருடைய வயலைச் செய்த முல்லைக்காரருக்கும் இடையே இருந்த உறவு எவ்வளவு சமனற்றதாக இருந்தாலும், வேலையின் வேகத்தை முல்லைக்காரர் ஓரளவு தன் கையில் வைத்திருந்தார். நாட்கூலிக்கும் ஏக்கர்க் கணக்குக் கொந்தராத்துக்கும் வந்தபின் நண்பகல் ஓய்வு என்பது கூலிக்காரர் தன் மடியிலிருந்து கொடுக்கும் காசாகிவிட்டது. வெட்டு மெசின் வந்து அரிவாள் வெட்டைப் பெருமளவு குறைத்தது உண்மைதான். களை பிடுங்குவதும் வரம்பு கட்டுவதும் பசளை எறிவதும் மருந்தடிப்பதும் இன்னும் மனித முதுகில்தான் நடக்கின்றன. உரிந்த தோலின் மேல் மருந்துத் தாங்கியைத் தூக்கினால் மருந்து இன்னும் எளிதாக உள்ளே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெல்லாவெளியைப் போன்ற நெல்விளையும் ஊர்களுக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. அழகுக் குறிப்பு எழுதும் எவரும் அதைத் தொடுவதில்லை. எலிக்காய்ச்சலைத் தடுக்க, வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளூடாக டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கப்படுகிறது. வாரத்துக்கு 200 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. உயிரைக் காக்கும் மாத்திரை அது. ஒருவரும் அதை நிறுத்தக் கூடாது. ஆனால் அதன் நன்கறியப்பட்ட பக்க விளைவுகளில் ஒன்று, தோல் வெயிலுக்கு எளிதில் எரிவது. வயலில் இறங்குபவருக்கென்றே கொடுக்கப்படும் மருந்து, வயலின் வெயிலுக்கு அவரை மேலும் இளக்கிவிடுகிறது. மாத்திரையைக் கையில் கொடுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், உணவுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள் என்பதோடு, முழுக்கைச் சட்டையில்லாமல் இறங்காதீர்கள் என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னால் செலவு ஏதுமில்லை. இதே இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. எரிவோடு காய்ச்சலும் இருந்தால் வெயில்தான் என்று நினைத்து நோவுக்கு இபுபுரோபன் வாங்கிப் போடக் கூடாது. இது டெங்கு உள்ள மாவட்டம். பரசிற்றமோல் மட்டுமே பாதுகாப்பு. பெரிய பரப்பில் கொப்பளம், வாந்தி, தலைசுற்று, தடுமாறிய பேச்சு என்று ஏதாவது தெரிந்தால் கற்றாழையோடு காத்திராமல் பக்கத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தேவையானால் பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கு.

அப்படியானால் வெயில் தடுப்புக் கிறீம் பூசட்டுமே என்பது நகரத்தின் பதில். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குறிப்பிட்ட காப்பு கிடைக்க வேண்டுமானால் முகம், கழுத்துக்கு ஒரு தேக்கரண்டி, கைகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தேக்கரண்டி; அதாவது 15 மில்லிலீற்றர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். நாளுக்கு இரண்டே முறை பூசினாலும் 50 மில்லிலீற்றர்க் குழாய் இரண்டு நாளைக்கு வராது. சேறும் வியர்வையும் கழுவிக்கொண்டு போவது வேறு. கிறீமை நான் குறை சொல்லவில்லை. முகத்துக்கும் புறங்கைக்கும் கிடைத்தால் நல்லதுதான். நாட்கூலிக்காரரின் தீர்வாக அதைச் சொல்வதுதான் கேலி. துணி போதும். நெருக்கமாக நெய்த, அடர்நிறமான, தளர்ந்த முழுக்கைச் சட்டை மெல்லிய வெள்ளை பெனியனைவிடப் பல மடங்கு தடுக்கும். வெள்ளை பெனியன் நனைந்துவிட்டால் இருந்த காப்பும் குறையும். நம் பெண்கள் வயலுக்குப் போகும்போது சேலைக்கோ கவுனுக்கோ மேலே ஆண்களின் பழைய நீள்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். எந்த ஆய்வுகூடமும் இதைவிடச் சிறந்த புத்தி சொல்லப் போவதில்லை. வெற்று முதுகோடு நிற்கும் ஆண்கள் அவர்களைப் பார்த்துக் கற்கலாம். காதையும் பிடரியையும் மறைக்கும் அகன்ற விளிம்புப் பனையோலைத் தொப்பியும் சேர்ந்தால் கிறீமின் தேவை மேலும் குறையும். வெப்பமாக இருக்காதா என்று கேட்பார்கள். இருக்கும். கூடுதல் உடுப்பு வெப்பத்தைக் கூட்டும், குறைந்த உடுப்பு எரிவைக் கூட்டும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க உச்சி வேளையில் நிழலுக்குப் போவதைத் தவிர வேறு வழியை நான் காணவில்லை.

நண்பகலில் வேலையை நிறுத்துவது நடக்காத காரியம் என்பவர்கள் கட்டாரைப் பார்க்கட்டும். அங்கே 2021 இலிருந்து, ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்குவது சட்டப்படி தடை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதிவரை 12.30 முதல் 3 மணிவரை தடை. தொழிலாளரை மென்மையாக நடத்தும் நாடுகள் என்று அவற்றை ஒருவரும் சொல்வதில்லை. சட்டம் ஏட்டளவில் நிற்கும் இடங்களும் இருக்கின்றன. ஆனாலும் படுவான்கரையிலிருந்து அங்கே போகும் இளைஞனுக்கு அங்கே ஒரு மணிக்கணக்கு உண்டு; ஊர் திரும்பி வயலில் இறங்கினால் இல்லை. இலங்கையிலும் வெப்பத்தைக் கண்டு அரசு அசையாமல் இல்லை. வெப்பச் சுட்டெண் கூடிய நாட்களில் மாணவரை வெளிவிளையாட்டில் ஈடுபடுத்த வேண்டாம் என்று 2024 தொடக்கத்தில் கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. அதே நாளில், அதே வெயிலில், அந்த மாணவரின் தாய் தகப்பனுக்கு என்ன அறிவுறுத்தல் போனது? தண்ணீர் குடியுங்கள், நிழலில் ஓய்வெடுங்கள் என்ற பொதுவான வரி. ஓய்வெடுத்தால் கூலி குறையுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. உலகளவில் இதற்கு விலை இருக்கிறது. வெயிலில் வேலை செய்ததால் வந்த தோற்புற்றால் 2019 இல் மட்டும் ஏறத்தாழ 19,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2023 இல் சேர்ந்து கணித்தன. நமக்குப் புற்றைவிட நீரிழப்பும் வெப்பமும்தான் அண்மையிலுள்ள ஆபத்து. வடமத்திய மாகாண விவசாயிகளைத் தின்னும் காரணமறியாச் சிறுநீரக நோய்க்கு ஆராயப்படும் காரணங்களில் அவையும் உண்டு.

மட்டக்களப்பில் இதற்குப் புதிய சபை எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. விதைப்பு எந்தத் திகதி, குளத்து நீர் எப்போது திறக்கும், மாடுகளை எந்த நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பவற்றை அதிகாரிகளும் விவசாயிகளும் அங்கே சேர்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுகளுக்கு மதிப்பும் உண்டு. திகதியைத் தீர்மானிக்கும் கூட்டம் மணியையும் தீர்மானிக்கட்டும். சிறுபோகம் முழுவதும் பதினொரு மணியிலிருந்து இரண்டரை மணிவரை கூலிக்கு ஆளை வட்டையில் நிறுத்துவதில்லை, அதற்காக நாட்கூலியில் கைவைப்பதில்லை, ஒவ்வொரு வயற்கண்டத்துக்கும் ஒரு நிழல்வாடியும் குடிநீரும் இருக்க வேண்டும் என்று மூன்று தீர்மானங்கள். நீர்முறை நண்பகலில் வந்தால் மடை திறக்க ஒருவர் போகத்தான் வேண்டும். அதற்கு விலக்குக் கொடுக்கலாம். மூன்றரை மணித்தியாலம் போனால் சிறு விவசாயி என்ன செய்வார், அவரே கடனில் அல்லவா இருக்கிறார் என்பது நியாயமான கேள்வி. வேலை முழுவதும் போய்விடாது, காலைக்கும் மாலைக்கும் நகரும் என்பதே பதில். இந்தப் பதிலில்தான் வெல்லாவெளிக்கே உரிய சிக்கல் தலைகாட்டுகிறது.

விடியலும் அந்தியும் இந்த ஊரில் யானைகளின் நேரம். காட்டோரக் கிராமங்களில் யானை தாக்கி இறந்தவர்களின் செய்தி போரதீவுப்பற்றுக்குப் புதிதல்ல. ஐந்து மணிக்கே இறங்குங்கள் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. இருட்டோடு தனியாக வயலுக்கு நடப்பவர் தோலுக்காக உயிரைப் பணயம் வைக்கிறார். பெண்களுக்கு இன்னொரு தடையும் சேரும்: சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வருகிற அவர்கள் எட்டு மணிக்கு முன் வயலில் நிற்க முடியாது. ஆகவே நேரத்தை நகர்த்துவதற்கு எல்லை உண்டு. வெளிச்சம் நன்றாக வந்த பின் இறங்கி, அந்திக்கு முன் வீடு திரும்பினால், நாளின் வேலை நேரம் ஒரு மணித்தியாலமாவது சுருங்கும். அந்த ஒரு மணித்தியாலத்தைக் கூலிக்காரர் தாங்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. காணிக்காரர் ஒரு பங்கைத் தாங்கட்டும். எஞ்சியதைக் குறைக்க வழி, காட்டோர வேலியைப் பழுதில்லாமல் மின்னோட்டத்தோடு வைத்திருப்பது. வேலி வேலை செய்தால் ஆறு மணிக்கு இறங்கலாம். ஆறு மணிக்கு இறங்க முடிந்தால் பதினொரு மணிக்கு வரம்பேறலாம். அதனால் சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கும் கமநல அதிகாரிக்கும் பக்கத்தில் வனசீவராசிகள் திணைக்களத்தினரும் சுகாதார வைத்திய அதிகாரியும் உட்கார வேண்டும். வேலி எந்தத் திகதிக்குள் திருத்தப்படும் என்பது நீர் திறக்கும் திகதியோடு சேர்த்தே கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும்.